தாய்மாமன் லேயர்

மகளுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் கட்டும் பிளெக்ஸை வேறு யாரிடமாவது கொடுப்பேனா? திண்டுக்கல்லில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்கு வீட்டிலிருந்தே பிளெக்ஸ் வடிவமைத்துக் கொடுப்பவள் நான். கிம்ப் என்ற இலவச மென்பொருள்தான் என் பிழைப்பு. முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பிளெக்ஸிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் மாமன் படம் வந்தாக வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். வேறு சாதியில் கட்டிக்கொண்டு வேடசந்தூரில் மில் வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பா அவன் பேச்சையே எடுப்பதில்லை.

"சித்தப்பன் மகன் மடியில உக்கார வையி. அந்த ஓடிப்போன பய படம் வந்துச்சு, நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அன்று மதியம் மழை மூட்டம். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை பாதி கரைந்து நீலமாகக் கிடந்தது. கிம்ப்பில் ஒவ்வொரு படமும் தனித்தனி லேயர், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. ஒவ்வொரு லேயர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதைத் தொட்டால் படம் மறையும், மறுபடி தொட்டால் வரும். என் கல்யாண ஆல்பத்திலிருந்து அண்ணனை வெட்டியெடுத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தேன். லேயருக்கு 'மாமன்' என்று பெயரும் போட்டேன். தொட்டேன், போனான். தொட்டேன், வந்தான். கண்ணாமூச்சி ஆடுகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தான். எவ்வளவு நேரம் அப்படியே சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று அண்ணனை மறைத்தேன். அப்பாதான். வேடசந்தூரில் தேங்காய் விலை கேட்டுவிட்டு வருகிறாராம். வாராவாரம் இதே வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார்.

"இங்கன என்னத்தா, இம்புட்டு எடம் வெறுசாக் கெடக்கு?"

வந்தது வரட்டும் என்று கண்ணைத் தொட்டேன். பத்து வருஷத்துக்கு முந்தைய சிரிப்போடு அண்ணன் வந்து நின்றான்.

விருட்டென்று எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இப்ப இம்புட்டு முடி இல்லத்தா" என்றார் மெதுவாக. "நெத்தி ஏறிருச்சு. காதோரம் நரை. ஆளும் எளைச்சுட்டான்."

"ஒங்களுக்கு எப்புடிப்பா தெரியும்?"

"வேல முடிஞ்சு சைக்கிள்ல வருவான். டீக்கடைக்குள்ள நின்னு பாப்பேன். அவன் என்னையப் பாத்ததில்ல." கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "புதுப் படமா ஒண்ணு வாங்கிப் போடு. கொஞ்சம் தண்ணி குடு, ஆத்தா."

தண்ணீர் எடுக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் தேங்காயைத் தோப்புக்கே வந்து யாவாரி எடுத்துக்கொண்டு போவான். விலை கேட்க அப்பா எங்கேயும் போக வேண்டியதில்லை. இது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. வேடசந்தூருக்கு ஒரே பஸ்தான், மாறி ஏறக்கூட வேண்டாம். அப்பா கோபிப்பார், அப்பா கோபிப்பார் என்று சொல்லிக்கொண்டே, இத்தனை வருஷத்தில் அண்ணனைப் பார்க்கப் போகாதவள் நான் மட்டும்தான்.