ஒரு பட்டை கூடுதல்

கல்யாணமான மறுநாள் வேடசந்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. திண்டுக்கல்லில் தேங்காய் மண்டி வைத்திருந்த என் மாமனாரின் வண்டி. பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்பக்கம் கிறீச்சென்று கீழே இறங்கியது. வண்டி நகர்ந்ததும் சைலன்சர் வாசல் கல்லில் உரசிக் கடகடத்தது. "ஆத்தாடி, புதுப்பொண்ணு ஏறுனதும் வண்டியே குத்தவச்சிருச்சுடி!" என்றார் மாமனாரின் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரிய அத்தை. வாசலே சிரித்தது. நான் சிறு வயதிலிருந்தே, பூசினாற்போல் என்ற சொல்லுக்கு அடங்காத உடம்புக்காரி. கேலி புதிதல்ல. ஆனால் போகிற வீட்டில் ஆயுசுக்கும் இதுதான் என் பேர் என்று அன்று தோன்றியபோது, அழுகையை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

வண்டி ஓட்டிய மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "தேங்கா மூட்டையா ஏத்தி ஏத்திப் பட்டை எம்புட்டு நாளாவோ அமுங்கிக் கெடக்கு. அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்றார். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதுதான் அம்பாசிடரின் பின் ஸ்பிரிங். பாரம் சுமந்து வருஷக்கணக்கில் ஓடினால் அந்த வளைவு தட்டையாகிவிடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றே நினைத்தேன்.

அதன்பிறகு அவர் அந்த ஸ்பிரிங்குக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் ரப்பர் கட்டை வைத்துப் பார்த்தார். வண்டி உயரவில்லை, சத்தம்தான் கூடியது. பிறகு பட்டைகளைக் கழற்றி, உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றிக்கொண்டு வந்தார். ஆடி மாதம் நிமிர்ந்த வண்டி தீபாவளிக்குள் பழையபடி உட்கார்ந்துவிட்டது. கடைசியில் பக்கத்துக்கு ஒரு புதுப் பட்டையைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். இப்போது காரியம் தலைகீழானது. வெறும் வண்டி கோழி வாலைத் தூக்கியதுபோல் நின்றது. சின்னக் கல்லில் ஏறினாலும் பின்னால் இருப்பவர்களின் தலை கூரையில் இடித்தது. மெக்கானிக், "பட்டை கூடிப்போச்சுண்ணே, கழட்டிரவா?" என்று கேட்டார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பாமலே, "இருக்கட்டும்ப்பா. எம் மருமக ஏறுனா நேரா நிக்கும்" என்றார்.

நின்றது. நான் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தால் வண்டி மட்டமாக நின்று மெத்தென்று ஓடியது. நான் இல்லாவிட்டால் குதித்தது. கொடைரோடு ஸ்டேஷனுக்கு விருந்தாளியை அழைக்கப் போனாலும், நத்தத்தில் மாம்பழம் வாங்கப் போனாலும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒருமுறை பெரிய அத்தை ஏறி உட்கார்ந்து தெருமுனை தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பச் சொன்னார். "ஏம்ப்பா, அவளையும் ஏத்திக்க. எனக்கு இடுப்பு விட்டுப்போகுது" என்றார். அதைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வீட்டில் என் உடம்பைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

இப்போது வண்டி என் மகன் கையில். மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் பார்வையின் கூர்மை மட்டும் குறையவில்லை. எனக்குச் சர்க்கரை வந்து, சோற்றைக் குறைத்து, காலையில் நடந்து நன்றாக இளைத்துவிட்டேன். பார்ப்பவர்களெல்லாம் பாராட்டுகிறார்கள். போன வாரம் கோயிலுக்குக் கிளம்பிப் பின் சீட்டில் உட்கார்ந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். பின் சக்கரத்தையே செத்த நேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஒழுங்காச் சாப்புடுறியா?"

"சாப்புடுறேன் மாமா. சர்க்கரைக்காகத்தான் கொறச்சிருக்கேன். ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவர் முகம் தெளிந்தது. பிறகு என் மகனைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அந்தப் புதுப் பட்டையக் கழட்டச் சொல்லுப்பா. ஒங்கம்மா உக்காந்தா வண்டி நேரா நிக்கணும்."