சர்வர் வரும்வரை

சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாய்க்கு மருதாணிச் சிவப்பில் தாடி. அரசாங்க இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றால், காத்திருப்பவருக்கு வேறொரு தளத்தைத் திறந்து காட்டுவது அவர் பழக்கம்.

அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்குப் போனேன். சர்வர் நின்றுவிட்டது.

"ஆன்லைன் அரசாங்கமாம்! இதுக்கு அந்த கியூவே தேவலாம்" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்பா எங்கங்க வேல செஞ்சாரு?" என்றார் பாய்.

"குவைத்துல டிரைவர்."

திரையில் உலக உருண்டை சுழன்றது. எந்த ஊரைத் தொட்டாலும் அந்த ஊர் வானொலி பாடும் தளம் அது. குவைத்தைத் தொட்டார். அரபியில் ஒரு பெண் பாடினாள்.

"இந்த ரேடியோவத்தான் கேட்டுக்கினு வண்டி ஓட்டிருப்பாருங்க."

நாங்கள் பார்க்காத அப்பாவின் பாதி வாழ்க்கை அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டது.

"சர்வர் வந்துடுச்சுங்க" என்றார்.

"இருக்கட்டும் பாய், பாட்டு முடியட்டும்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரும் கேட்டார்.