சீமாட்டி ஜெரோனிமாவின் முன்னால்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்கள் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? ஆனால் இத்தாலியில், ஜெனோவா நகரத்தில் அந்த ஆகஸ்ட் மதியம் எனக்கு நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

ஒத்தாவியோ பிரபுவின் மாளிகையில் ஓர் ஓவியத்தைப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏலத்துக்குப் போகிறதாம். பெயர்தான் பிரபு. கூரை ஒழுகுகிறது, சட்டைக் காலர் நைந்துபோயிருக்கிறது. ஆனாலும் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் வரச்சொன்னார்.

ஓவியத்தில் அவருடைய மூதாதை ஜெரோனிமா. நானூறு வருடங்களுக்கு முந்தைய வட்டிக்கடைச் சீமானின் மனைவி. கறுப்புப் பட்டு, கழுத்தைச் சுற்றித் தட்டுபோல விறைத்து நிற்கும் வெள்ளை லேஸ், கையில் மடக்கிய விசிறி. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்க்கிறாள்.

“இவங்களுக்கு முன்னால தலைகுனிஞ்சுட்டுத்தான் இங்க வேலையைத் தொடங்கணும்,” என்றார் பிரபு.

“நான் குனியறது லென்ஸுக்கு மட்டும்தான்.”

“திமிர்தான் உனக்கு.” சிரித்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போனார்.

ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளைப் போட்டேன். “என்னடி முறைக்கிறே? புருஷன் அடிச்ச வட்டியில வாங்கின பட்டுதானே?” என்று அவளையே கேட்டேன்.

டப்.

விசிறி மடங்கும் சத்தம். திரும்பினேன். யாரும் இல்லை. விளக்குச் சூட்டில் மரச்சட்டம் விரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராவுக்குள் பார்த்தேன். அவள் பாவாடையின் விளிம்பு ஃபிரேமுக்குள் வராமல் வெட்டுப்பட்டிருந்தது. கேமரா முக்காலியைத் தாழ்த்தினேன். மறுபடியும் வெட்டு. இன்னும் தாழ்த்தினேன்... இன்னும்...

சரசர... கஞ்சி போட்ட துணி உரசியது.

பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

டப்.

பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. மெல்லிய நுனி. அது அழுத்தியது.

எழ முயன்றேன். அப்போதுதான் தெரிந்தது...

நான் முட்டிபோட்டிருந்தேன்.

கைகளைத் தரையில் ஊன்றித் தள்ளினேன். தலை இறங்கியது... இறங்கியது...

நெற்றி தரையில் முட்டியது.

கதவு திறந்தது. பிடரி லேசானது.

“குனிய மாட்டேன்னியே?” வாசலில் பிரபு. அவர் முகத்தில் வியப்பே இல்லை. தூக்கிவிடக் கையும் நீட்டவில்லை.

சுவரைப் பிடித்து எழுந்தேன். கேமராவை அங்கேயே போட்டுவிட்டு, முன்வாசல் வழியாகவே வெளியேறினேன்.

ஓவியம் விற்றுவிட்டது. இப்போது யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, எனக்குத் தெரியாது.

சில வாரங்கள் கழித்து, அந்தத் தெருக்கோடிக் காபிக்கடையில், சவப்பெட்டி செய்யும் கொர்ராடோவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்த வீட்டுல பெல்லினான்னு ஒருத்தி வேலைபார்த்தா. தூசி தட்டறப்போ அந்தப் படத்துக்குப் பழிப்புக் காட்டுவேன்னு இங்க வந்து சொல்லிச் சிரிப்பா. போன வருஷம் அந்தப் படம் இருந்த கூடத்துல செத்துக் கிடந்தா. மாரடைப்புன்னாங்க.”

“அப்புறம்?”

“நாலு பேர் சேர்ந்து இழுத்தும் காலை நீட்ட முடியலம்மா. உசரமா வேற பெட்டி செஞ்சு குடுத்தேன். முட்டிபோட்டபடியேதான் புதைச்சோம்.”