கவிதையில் வரும் அந்த ‘நீ’ யார்?

கல்யாணமான பெண் காதல் கவிதை எழுதுவதைவிட, ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பாதுகாப்பானது. என்னைப்போல் எழுதி மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இது தெரியும். அதிலும் என் ரகம் மோசம். முத்தத்தில் தொடங்கினால் ஆன்மா, பிறவி, அண்டவெளி என்று போய்த்தான் நிற்பேன். அதில் வரும் ‘நீ’ என் கணவர் ஜெயன். அவர் இதுவரை ஒன்றைக்கூட வாசித்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு நிறையவே உண்டு.

குழாய்க்குள் காதல்

பகலில், நாங்கள் குடியேறிய கிளேட்டனில், ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. உவமையும் அங்கிருந்துதான் வரும். ‘சுழற்றிப் பிரித்தாலும் ஒரே குழாய்க்குள் கிடக்கும் குருதியும் நீரும் நாம்’ என்று எழுதி, கூட வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரி பிரியாவிடம் காட்டினேன். தயிர்சாதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, இதைப் படிச்சா லவ் வருமா, ரிசல்ட் வருமா?”

கார் நிறுத்துமிடத்து விசாரணை

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் ‘நீ வராத மாலை’ வெளியானது. உடல் வந்தும் உயிர் வந்து சேராத தவிப்பைச் சொல்லியிருந்தேன். அடுத்த வெள்ளி, கோயில் வாசலில் சங்கத்து ராணி அன்ரி என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் நாலு பேருக்குக் கேட்டது: “பிள்ளை, ஜெயன் ஆறு மணிக்கே வீட்டை வந்திடுறார். அப்ப வராதது ஆர்?”

முருகன் கைகொடுத்தார்

கதை எங்கள் ஆட்கள் இருக்கும் ரோவில் பகுதி முழுக்கப் பரவியது. மலராசிரியர் அங்கிள் அடுத்த மலருக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ‘உன் மார்பில் என் பிறவிகள் கரையட்டும்’ என்ற வரிக்குப் பின்னால் ஒரு ‘முருகா’ போட்டு, பக்திப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். என்ன ஆச்சரியம், அதே மார்பு, அதே வரி, ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது! வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனுஷனை நானே கடவுளாக்கிவிட்ட ஆத்திரம் எனக்கு. மன்னார் மேரி அக்கா தொலைபேசியில் அழைத்தார்: “முருகாவை எடுத்துப்போட்டு ‘யேசுவே’ எண்டு போட்டால் எங்கட செபக்கூட்டத்துக்கும் சரியா வரும், என்ன?”

வெளியீட்டு விழா

மேடையில் அதே கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். முருகாவை விட்டுவிட்டு வாசித்தேன். கைதட்டல் இல்லை. ராணி அன்ரி முன்வரிசைக் கதிரையில் திரும்பி, ஜெயனிடம் சத்தமாகவே கேட்டார், இது ஆரைப் பற்றி என்று. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. “சாமிப் பாட்டு அன்ரி” என்று சொல்லி அவர் தப்பியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அத்தோடு எழுதுவதையே விட்டிருப்பேன். ஜெயன் வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்: “என்னைப் பற்றித்தான் அன்ரி. எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை. ஆனா நான்தான்.”

அண்டவெளியெல்லாம் அலைந்து நான் தேடிய சொல்லை வடைக்கும் தேநீருக்கும் நடுவில் சொல்லிவிட்டு உட்காருகிற மனுஷனைக் கட்டியவள், இனி எதைத்தான் எழுதுவது?