இரண்டாம் முறை கேட்டது

எங்கள் டப்பிங் கூடத்தில் அவருக்கு அழுகை அக்கா என்று பெயர். படத்தில் எவளாவது காலைப் பிடித்துக் கெஞ்சினால் குரல் அக்காவுடையதுதான். "என்ன விட்டுட்டுப் போயிடுவீங்களா?", "எம்புள்ள பிழைச்சிடுவானா டாக்டர்?" கதை எழுதுகிறவர்களுக்கு வேறு கேள்வியே தெரியாது. அந்த வறட்சிதான் அக்காவுக்குச் சோறு போட்டது.

ஒலிப்பதிவு என் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன். கெஞ்சுவதற்கு முன் நெஞ்சிலுள்ள மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிடுவார் அக்கா. "மூச்சு இருக்கிறவ ஏன் தம்பி கெஞ்சப்போறா?" என்பார். ஒரு சொல் பிசிறினாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்மோர்" என்று தானே மறுபடி கேட்பார். போதும் என்றாலும் விடமாட்டார். இரண்டாவது முறைக்குக் கல்லும் கரையும். வெளியே வந்ததும் டீயில் சர்க்கரை இல்லை என்று சண்டை போடுவார்.

போன மாதம் அக்காவின் கணவர் பெட்டி கட்டினார். வேறொருத்தியோடு வாழப் போகிறாராம். எனக்கு அந்த ஆளை எப்போதுமே பிடிக்காது. மறுநாள் முகம் வீங்கி வேலைக்கு வந்த அக்கா, மைக் முன்னால் நின்றபடியே சொன்னார்.

"வாசப்படி வரைக்கும் போயிட்டாரு தம்பி. 'என்ன விட்டுட்டுப் போறீங்களா?'ன்னேன். குரலே வரல. பாதி தொண்டையிலேயே நின்னுடுச்சு. ஆனா அவரு நின்னாரு. பெட்டியக் கீழ வச்சாரு."

"அப்புறம்?"

"தொண்டையச் செருமினேன். மூச்ச விட்டுட்டு மறுபடி கேட்டேன். சுத்தமா வந்துச்சு."

கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். "இது எந்தப் படத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாராம்.

அதன்பிறகு அக்கா ஒன்மோர் கேட்பதில்லை. பிசிறினால் பிசிறியபடியே விட்டுவிடுகிறார். இப்போதுதான் உயிர் இருக்கிறது என்று இயக்குநர்கள் பாராட்டுகிறார்கள். நாலு அறை விடலாம் போலிருக்கிறது எனக்கு.

பதிவு முடிந்ததும் கண்ணாடி வழியே என்னைப் பார்ப்பார். ஹெட்போனில் அந்தக் குரல் மெதுவாக வரும்.

"ரெண்டாவது தடவ கேக்காம இருந்திருந்தா, அவரு இருந்திருப்பாரா தம்பி?"

இருந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் அது எனக்குக் கேட்கிறது. வீட்டில் மனைவி எதையாவது கேட்டால், பயந்துபோய் முதல் தடவையே பதில் சொல்லிவிடுகிறேன்.