நீண்ட விசில்

அப்பா எங்கள் பள்ளிச் சாரணர் படையை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நானும் கூடவே போனேன். நான் சாரணன் அல்ல. அதற்கு வயது போதாது. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அம்மாவைப் பிடுங்கித் தின்றுவிடுவேன் என்பதால் எனக்கு ஒரு வேலையைக் கற்பித்து அழைத்துப் போனார்கள். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பையன்களின் தலையை எண்ண வேண்டும். அப்போது பிடித்த பழக்கம்தான். இன்றும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை இலைகளை எண்ணி முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

சித்திரையில் கோமுகி ஆற்றங்கரையில் கூடாரம் போடுவோம். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் வரைக்கும்தான் இருக்கும். மணல் சூடு செருப்பைத் தாண்டி வந்து சுடும். ஆடியில் அடித்த காற்றில் எங்கள் கூடாரம் ஒன்று பறந்துபோய்க் கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. தோட்டக்காரர் அதை நெல் மூட வைத்துக்கொண்டு, தர மாட்டேன் என்று அரைநாள் வம்பு செய்தார். தையில் மலைமேல் போனால் விடியும்போது போர்வையைப் பிழியலாம். எல்லாப் பருவத்திலும் உப்புமா மட்டும் ஒரே மாதிரி அடிபிடித்தது.

மழைக்காலத்தில்தான் யாரும் மலைக்குப் போனதில்லை. ஐப்பசியில் கரியாலூருக்குப் போக வேண்டும் என்று அப்பா தலைமை ஆசிரியரிடம் போய் நின்றார். மேகம் தரையில் இறங்கி நடப்பதைப் பையன்கள் பார்க்க வேண்டுமாம். தலைமை ஆசிரியருக்குச் சாரணர் படையே பிடிக்காது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன்களைக் கெடுக்கிற வேலை என்பார். யோசித்துவிட்டுச் சம்மதித்தார், ஆனால் ஒரு பையனுக்கு ஏதாவது ஆகி, அது ஆசிரியரின் கவனக்குறைவால் என்று தெரிந்தால், படையை அன்றோடு கலைத்துவிடுவதாகச் சொல்லித்தான் அனுப்பினார். அப்பாவுக்கு அந்தப் படையைத் தவிர வேறு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சீட்டாட மாட்டார், வெற்றிலை போட மாட்டார். சனிக்கிழமை மாலை அந்தக் காக்கிக் கால்சட்டையை மாட்டினால்தான் அவர் முகத்தில் பல் தெரியும்.

அண்ணன் அந்தப் படையில் ஓர் அணிக்குத் தலைவன். சட்டைப் பையின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டை தைத்திருப்பான். சீருடையில் இருக்கும்போது அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் சீருடையோடு தண்ணீர் கேட்டால்கூட அப்படித்தான். விதி என்று அப்பா எதைச் சொன்னாலும் அதை அப்பாவை விட அதிகமாக நம்புகிறவன் அவன். விசில் பாஷையை அப்பா கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, ஒரே மாலையில் நெட்டுரு போட்டவனும் அவன்தான். ரொம்ப எளிமையானதுதான் அது. குட்டை குட்டையாக வேகமாக ஊதினால் ஓடி வா. நீளமாக, நிதானமாக, விட்டு விட்டு ஊதினால் விலகிப் போ, இன்னும் தூரம் போ.

கரியாலூரில் இரண்டாம் நாள் மத்தியானம் தடம் பிடிக்கும் விளையாட்டு நடந்தது. அண்ணன் விதிப்படி கையில் சாரணர் தடியோடு முன்னால் போய்க் கல்லாலும் சுள்ளியாலும் அடையாளம் வைத்துக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்தொடர வேண்டும். அவன் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேகம் இறங்கியது. அப்பா ஆசைப்பட்ட அதே மேகம். முதலில் எதிர்மேட்டு மரங்கள் போயின, பிறகு பக்கத்துப் பாறை போயிற்று. நீட்டிய என் கை விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். பையன்களைக் கூடாரத்துக்குள் அடைத்து எண்ணச் சொன்னார் அப்பா. எண்ணினேன். அண்ணன் மட்டும் இல்லை.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டு விளிம்புக்குப் போய் விசில் ஊதினார். குட்டையாக ஊத நாக்கு விசிலின் வாயைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். வாயில் எச்சில் வேண்டும். அன்றைக்கு அவர் வாய் உலர்ந்துபோயிருந்தது. நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் திரட்டி நீளமாக ஊதினார். மூச்சு வாங்கினார். மறுபடி நீளமாக ஊதினார். சாயங்காலம் வரை இப்படியே ஊதிக்கொண்டிருந்தார். இடையில் இரண்டு முறை உடைந்த குரலில் அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார். என் கையை அவர் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. விடச் சொல்லவும் பயமாக இருந்தது.

இருட்டுவதற்குள் மேகம் கொஞ்சம் கிழிந்தது. மலைக்காரப் பெண்மணி ஒருவர், சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, அண்ணனின் தடியைக் கையில் பிடித்தபடி வந்தார். பின்னால் அண்ணன், சட்டையெல்லாம் சேறாக வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் சாமைக் காட்டில் காவலுக்கு இருந்தவராம்.

"விசில் ஊதனது நீதானா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தலையாட்டினார்.

"நல்லா ஊதன போ. நீ ஊத ஊத இந்தப் புள்ள தூரமா போய்க்கினே இருக்குது. விசில் நின்னா நிக்குது, கேட்டா நடக்குது. ஓடையத் தாண்டி வந்துடுச்சி. இன்னும் ரெண்டு தரம் ஊதியிருந்தா பள்ளத்துல எறங்கியிருக்கும். எங்கடா போறன்னா, சார் போகச் சொல்றாருங்குது. சொன்னா கேக்கல. அப்புறம் தடியப் புடுங்கி வச்சிக்கினேன். தடி இல்லாம போக மாட்டேன்னு குந்திக்கினான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றோடு கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணன் மூன்று விரலால் வணக்கம் வைத்து, ஓடை வரை அடையாளம் வைத்துவிட்டேன் சார், என்றான். அந்த அம்மாவுக்குக் கொடுக்க எங்களிடம் ரவைதான் இருந்தது. அடிபிடித்த உப்புமாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, ரவையாகவே வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் பையன்கள் வாய் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் சேதி தலைமை ஆசிரியருக்குப் போய்விட்டது. அப்பாவையும் அண்ணனையும் கூப்பிட்டார். எண்ணிக்கைக்காரன் என்பதால் நானும் போய் நின்றேன்.

விசில் ஊதினீர்களா என்று கேட்டார். ஊதினேன் என்றார் அப்பா. அப்படியென்றால் பையன் ஏன் திரும்பி வரவில்லை, எப்படி ஊதினீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அப்பா, "அது வந்து சார்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குக் கேக்கலீங்க சார்," என்றான் அண்ணன்.

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"சளி புடிச்சிருந்துதுங்க. ரெண்டு காதும் அடைச்சிக்கினு இருந்துதுங்க. சார் ஊதிக்கினேதான் இருந்திருக்காரு. எனக்குத்தான் விழல."

தலைமை ஆசிரியர், காது கேட்காதவன் மற்றவர்களுக்குத் தலைவனாக இருப்பது எப்படி என்று கேட்டு, அந்த இரண்டு வெள்ளைப் பட்டைகளையும் பிரித்து எடுக்கச் சொன்னார். படை இருந்துவிட்டுப் போகட்டும், மழைக்காலத்தில் மட்டும் போக வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று அண்ணனே நூலைக் கடித்துப் பட்டைகளைப் பிரித்தான். சட்டையில் அந்த இடம் மட்டும் புதுக் காக்கியாக இருந்தது.

எனக்கு ஒரே ஆத்திரம். இவனுக்கா காது கேட்காது? முந்தைய நாள் இரவு, தெருக்கோடியில் கடலைக்காரர் வாணலியைத் தட்டியதை எங்கள் வீட்டில் முதலில் கேட்டவனே இவன்தான். இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மாவோ காது அடைத்திருக்கிறது என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்ச எழுந்தாள்.

அப்பா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே அடுப்படிக்குப் போனார். அங்கே தீப்பெட்டி இருக்கும் இடம்கூட அவருக்குத் தெரியாது. தேடி எடுத்து, அடுப்பு மூட்டி, பூண்டு உரித்து, எண்ணெய் காய்ச்சி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். அண்ணனைத் தன் மடியில் தலை வைத்துப் படுக்கச் சொன்னார். ஒரு காதில் விட்டார். அது இறங்கிய பிறகும் மேலே வைத்த கையை எடுக்கவே இல்லை. அண்ணனும் இன்னொரு காதுக்குப் புரண்டு படுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

அவர்கள் எதிரில் போய் நின்று, நன்றாகக் கேட்கிற காதுக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அப்பாவும் நிமிரவில்லை, அண்ணனும் கண் திறக்கவில்லை. இரண்டு பேருக்குமே காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.