நாற்பத்தொன்றாம் நம்பர் கோட்டு

எனிட் பிளோர் பதினைந்து வயதில் பர்மிங்காம் டட்டன் கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள், எழுந்தபோது ஐம்பத்தெட்டு. அவள் தைத்த மோட்டார் சைக்கிள் கோட்டுகளை யாரும் எண்ணவில்லை. ஒழுகியவற்றை மட்டும் எண்ணினார்கள். அதற்காகவே ஒவ்வொருத்தியும் தன் நம்பரை உள்பை மடிப்பில் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். எனிட் நாற்பத்தொன்று. கோளாறு கண்டால் ஃபோர்மேன் எழுதும் குற்றச்சீட்டும் அதே பைக்குள் தைக்கப்படும்.

மெழுகுத் துணியில் மழை நுழைய ஊசித்துளைதான் வழி. ஒழுகுகிறதா என்று பார்க்க, கோட்டை வாளிமேல் விரித்து, தோளில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது வாளியில் சொட்டு இருந்தால் வசவு. விரல்நுனி வெடிக்க வெடிக்க மெழுகு தேய்த்தும் தோள் தையல் ஒழுகியது. தண்ணீர் தேங்குகிற இடத்தில் எதற்குத் தையல்? 1957இல் எனிட் இதைக் கேட்டாள். வெட்டுமேசை பெரிலிடம் சொல்லித் தோளை ஒரே துண்டாக வெட்டவைத்து, தையலை முதுகுக்கு இறக்கினாள். ஃபோர்மேன் கத்தினார், சீட்டு எழுதினார். வாளி மட்டும் காய்ந்து கிடந்தது. அடுத்த மாதம் எல்லாக் கோட்டும் அப்படியே வந்தது. எனிட்டுக்கு ஒரு நன்றிகூட இல்லை.

பிறகு தையல் வேலை கடல்கடந்து போயிற்று. தொழிற்சாலை ‘பாரம்பரியக் கூடம்’ ஆயிற்று. திறப்பு நாளில் படம் எடுத்துக்கொள்ள இரண்டு கிழவிகளையும் அழைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், தோளில் தையல் இல்லாத அந்த முதல் கோட்டு. பக்கத்துப் பலகையில், ‘மழையில் வண்டி ஓட்டிய முதலாளி ரெஜினால்ட் டட்டனுக்கு உதித்த யோசனை.’

“மழைன்னா காரை விட்டே எறங்க மாட்டானேடி அந்தாளு!” என்றாள் பெரில்.

எனிட் சிரிக்கவில்லை. கூடத்தின் பொறுப்பாளன் ஜூலியனிடம் நேரே போனாள். “கண்ணு, இது என் யோசனை. என் பேர எழுது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, மிசஸ் பிளோர். ஆதாரம் இருக்கா?”

“உள்பையத் திருப்பு.”

ஜூலியன் பெட்டியைத் திறந்து பையைத் திருப்பினான். சிவப்பில் 41. அதன் கீழே பழுத்த சீட்டு. ஜூலியன் வாசித்தான்: ‘நம்பர் 41. உத்தரவை மீறித் தோள் தையலை மாற்றியிருக்கிறாள். துணி வீண்.’

உலகத்தைப் படைத்தது யார் என்றால் வானத்தைக் காட்டுவார்கள். கோட்டைப் படைத்தது யார் என்றால் முதலாளியின் மாடியறையை. சாட்சி கேட்டால் இரண்டு இடத்திலும் முகம் சுளிப்பார்கள். இங்கே சாட்சியே கையில் இருந்தது. ஜூலியன் அதைத் திரும்பப் பைக்குள் செருகினான்.

“பலகை அச்சாயிடுச்சே. வேணும்னா கீழ சின்னதா, ‘எங்கள் பெண்களின் கைவண்ணம்’னு...”

“உங்க பெண்களா? திட்டறதுக்கு மட்டும் என்னைத் தனியா தேடிப் புடிச்சீங்களேடா! அப்ப நம்பர் இருந்துச்சு. இப்பப் பேரில்லையா?”

மெழுகுத் துணியில் சுண்ணக்கட்டி ஒட்டாது. வெட்டுமேசைக்காரிகள் மெழுகுக்குச்சியால்தான் கோடு போடுவார்கள். பெரிலின் கைப்பையில் ஒன்று எப்போதும் கிடக்கும். கேட்காமலே நீட்டினாள்.

பலகையில் ரெஜினால்ட் டட்டன் பேர்மேல் எனிட் குறுக்கே ஒரு கோடு போட்டாள். மேலே பட்டையாக மஞ்சளில்: எனிட் பிளோர், 41. வெட்டியது பெரில் டாம்ஸ்.

ஜூலியன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“நல்லா தேய், கண்ணு,” என்றாள் எனிட். “எத்தனை வாளித் தண்ணி வேணும்?”